கொட்டியாரத்தில் கரையேறிய நூல்

2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறவர்களுக்குக் கிழக்கே விரிந்து தெரிவது கொட்டியாரக் குடா. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பெரிய பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்ட இந்தக் குடாவுக்குத்தான் வந்தது. வெறுங்கையோடு போவானேன் என்று கிழக்கிந்தியக் கம்பெனி துணியும் ஏற்றி அனுப்பியிருந்தது. பரங்கிப்பேட்டை வணிகர்களும் கூட வந்தார்கள்.

1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவர் ராபர்ட் நாக்ஸையும் அதே பெயர் கொண்ட அவருடைய பத்தொன்பது வயது மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் பிழைத்தார். எப்படி என்பதுதான் வேடிக்கை: தொப்பி பின்னி!

கைதிகளுக்கு ஊரார் சோறு போட வேண்டும் என்பது அரச கட்டளை. உடுப்புக்கு அவர்களே வழி தேட வேண்டும். பருத்தி நூல் வாங்கித் தொப்பி பின்னி விற்றார்கள். நூலுக்கு மூன்று பென்ஸ் செலவு, தொப்பிக்கு ஒன்பது பென்ஸ் வரவு என்று மகன் நாக்ஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நல்ல லாபந்தான். ஆனால் எல்லாரும் இதே தொழிலில் இறங்கியதும் தொப்பி மலிந்தது, விலை சரிந்தது.

அவர்கள் பிறந்த இங்கிலாந்தில் வீட்டுப் பெண்கள் நூற்றது பெரும்பாலும் ஆட்டு உரோமமும் ஆளிச்செடி நாரும். நாரைச் சுற்றிவைக்கும் கோல் ‘டிஸ்டாஃப்’. அந்தச் சொல்லே ஆங்கிலத்தில் தாய்வழி உறவையும் குறித்தது. நூற்பவள் ‘ஸ்பின்ஸ்டர்’. நாக்ஸ் காலத்திலேயே அது மணமாகாத பெண்ணுக்கு ஆவணங்களில் எழுதும் பெயராகிவிட்டது. ஆளி நாரைச் சிக்கெடுக்கும் முள்சீப்பு ‘ஹெக்கில்’. மேடையில் பேசுகிறவரை இடைமறித்துக் குடைவதற்கும் இன்று அதே சொல்தான்.

தமிழிலும் நூற்பு கிட்டத்தட்ட இதே தடத்தில்தான் பேச்சுக்குள் நுழைந்திருக்கிறது. புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. நற்றிணை காட்டும் ‘ஆளில் பெண்டிர்’, ஆண் துணையில்லாமல் மெல்லிய நூல் நூற்றுப் பிழைத்தவர்கள். ஸ்பின்ஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைப்பது கடினம். ‘பன்னல்’ என்றால் பருத்தி, சொல் என்று இரண்டு பொருளும் உண்டு. ஓயாமல் ஒன்றையே சொல்கிறவரை இன்றும் ‘பன்னிப் பன்னிப் பேசுகிறார்’ என்கிறோம். நன்னூல் எழுதிய பவணந்தி இந்த உறவை முழு உருவகமாகவே விரித்தார்: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு கதிர்.

கண்டியில் நாக்ஸைச் சுற்றி நூலும் கையுமாக இருந்தவர்களோ ஆண்கள், அதிலும் பிரமச்சாரிகள். எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டிய நாக்ஸ், மணமாகாத தோழர்களை மட்டுமே கூட வைத்துக்கொண்டார். மணந்தவர் வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தம். நாக்ஸ் கடைசிவரை மணம் செய்யவேயில்லை.

பின்னாளில் நாக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் பொதி சுமந்து ஊர் ஊராக விற்கப் போனார்கள். அந்த அலைச்சலில் வடக்கே போகும் வழி பழகியது. 1679 அக்டோபரில் இருவரும் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1660இல் பிடிபட்ட இடத்துக்கு அடையாளமாக மூதூரில் ஒரு புளியமரத்தடியில் 1893இல் கல் நட்டார்கள். தொப்பிக்கு அதில் இடமில்லை.

நாக்ஸ் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் லண்டனில் அச்சானது. அக்காலத்து ஐரோப்பியத் தாள், உடுத்துக் கிழிந்த ஆளி நார்த் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கிச் செய்தது.