விமானிகளின் பணி ஒப்பந்தங்கள் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவில் விமானிகளின் ஊதியமும் பணிநேரமும் பதவி உயர்வும் இரண்டு வழிகளில் முடிவாகி வந்துள்ளன. எல்லா விமானிகளுக்குமாகச் சங்கம் நிறுவனத்தோடு பேசி முடிப்பது கூட்டு ஒப்பந்தம். ஒவ்வொரு விமானியும் தனித்தனியே கையெழுத்திடுவது தனிநபர் ஒப்பந்தம். உள்நாட்டு விமானப் போக்குவரத்தில் 1989 ஆகஸ்டு வரை முதல் வகையே நடைமுறையாக இருந்தது. அது கலைவதற்கு ஒரு வாரமே போதுமாயிருந்தது. இப்பொருள் பற்றிய நூல்களும் நீதிமன்றப் பதிவுகளும் பெரும்பாலும் அந்த ஒரு தகராறையே பேசுகின்றன. இக்கட்டுரையின் அளவும் அதற்கேற்பவே அமைந்துள்ளது.

பணிமூப்பும் பணிநேரமும்

பிற தொழில்களில் கூட்டு ஒப்பந்தம் என்றதும் சம்பள விகிதமே நினைவுக்கு வரும். விமானிக்குச் சம்பளத்தைவிடப் பெரியது பணிமூப்புப் பட்டியல். வேலையில் சேர்ந்த நாளைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் தரப்படும். எந்த ரக விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் தங்கிப் பணியாற்றுவது, துணை விமானி எப்போது கேப்டன் ஆவது, கிறிஸ்துமஸ் சமயத்தில் யாருக்கு விடுப்பு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியேறுவது என எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தவை. ஒரு நிறுவனத்தின் மூப்பு மற்றொன்றில் செல்லாது. இருபது ஆண்டு பறந்த கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால், நேற்றுச் சேர்ந்த இளைஞருக்கும் கீழே போய் நிற்க வேண்டும். இதனால் விமானிகள் லேசில் வேலையை விடுவதில்லை. 1989-இல் நடந்ததை வாசிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. தனிநபர் ஒப்பந்தத்தில் இந்த எண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை. யாரை எப்போது உயர்த்துவது என்பது நிர்வாகத்தின் கைக்குப் போய்விடுகிறது.

பணிநேரத்தை எப்படி அளப்பது என்பது இரண்டாவது சிக்கல். சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரமே ‘பறக்கும் நேரம்’. அது ஆண்டுக்கு 900 மணியையும் 30 நாளில் 100 மணியையும் தாண்டக் கூடாது என்பது 1989-இல் இருந்த பாதுகாப்பு விதி. வானிலை அறிக்கை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, இரண்டு பயணங்களுக்கு நடுவே நிலையத்தில் காத்திருப்பது, வெளியூர் விடுதியில் இரவு தங்குவது ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. நிறுவனங்கள் பறக்கும் நேரத்தை மட்டும் வாரக் கணக்காக்கிக் காட்டினால், விமானி ஏதோ பகுதிநேர வேலை பார்ப்பவர் போலத் தோன்றும். சங்கமோ கையெழுத்துப் போட்டுப் பணிக்கு வந்ததிலிருந்து விடுபடும் வரை உள்ள மொத்த நேரத்தைச் சொல்லும். இரண்டு கணக்கும் சரிதான். 1989-இல் செய்தித்தாள்கள் பெரும்பாலும் முதல் கணக்கையே அச்சிட்டன.

தொடக்க காலம்

தொழில் தகராறுகளை நடுவர் மன்றம் விசாரித்து ஊதிய ஆணை பிறப்பிக்கும் முறை ஆஸ்திரேலியாவில் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. விமானிகளின் சங்கம் உருவானது இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு. அந்த நடுவர் முறையில் விமானிகள் மனம் ஒன்றியதில்லை. 1950-களின் இறுதியில் அதிலிருந்து விலகி, ஆஸ்திரேலிய விமானிகள் கூட்டமைப்பு என்ற பெயரில் நிறுவனங்களோடு நேரடியாகப் பேசத் தொடங்கினர். 1966 இறுதியில் குவாண்டாஸ் விமானிகள் நான்கு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு விமானப் பணியாளர்களுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைந்தது. 1980-களின் தொடக்கத்தில் குவாண்டாஸ் விமானிகள் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். அப்போது குவாண்டாஸ் வெளிநாடுகளுக்கு மட்டுமே பறந்தது. ஆகவே 1989 தகராறில் அதன் விமானிகளுக்குப் பங்கில்லை.

1989 தகராறு

உள்நாட்டுப் பெருவழித் தடங்களில் இரண்டே நிறுவனங்கள் பறக்கலாம் என்ற அரசுக் கொள்கை 1950-கள் முதல் நடப்பில் இருந்தது. ஒன்று அரசுக்குச் சொந்தமான ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ். மற்றது ஆன்செட், அதன் பங்குகள் சரிபாதியாக பீட்டர் ஏபிள்ஸின் டி.என்.டி. நிறுவனத்திடமும் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் நிறுவனத்திடமும் இருந்தன. ஈஸ்ட்-வெஸ்ட் என்ற சிறிய நிறுவனமும் அதே கைக்கு வந்திருந்தது. கட்டணம், தடம், விமான ரகம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் இரு நிறுவனத்து விமானிகளின் ஊதியமும் ஒன்றை ஒன்று ஒட்டியே நடந்தது.

பிரதமர் பாப் ஹாக் 1969 முதல் 1980 வரை ஆஸ்திரேலியத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவருடைய தொழிற்கட்சி அரசும் சம்மேளனமும் 1983-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சங்கங்கள் ஊதியக் கோரிக்கையை அடக்கி வாசிக்கும். அரசு மருத்துவம், வரி, சமூகநலம் ஆகியவற்றில் ஈடு செய்யும். 1989-இல் இந்த ஏற்பாட்டின்படி கிடைக்கக்கூடிய உயர்வு சுமார் 6 விழுக்காடு. விமானிகள் கூட்டமைப்பு கேட்டது 29.47 விழுக்காடு. சில ஆண்டுகளாக விலைவாசியோடு ஒப்பிட்டால் தங்கள் ஊதியம் தேய்ந்துவிட்டது, நிர்வாகிகளின் சம்பளம் மட்டும் உயர்ந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இதைக் கொடுத்தால் மற்றச் சங்கங்களும் வரிசையில் வந்து நிற்கும் என்பது அரசின் பதில். சம்மேளனமும் விமானிகளுக்குக் கைகொடுக்கவில்லை.

தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை கறாராகச் சொன்ன அந்த எண்ணைப் பலரும் வசதிக்காக 30 விழுக்காடு என்றே எழுதினர். பேச்சுவார்த்தைக்காகச் சற்று உயர்த்திக் கேட்ட தொடக்க எண் அது என்று சங்கத் தரப்பினர் பின்னாளில் கூறியுள்ளனர். அன்றே அப்படிச் சொல்லியிருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை.

ஆகஸ்டு 18 முதல் கூட்டமைப்பின் தலைவர் கேப்டன் பிரையன் மெக்கார்த்தியின் வழிகாட்டுதலில் விமானிகள் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டுமே பணிக்கு வந்தனர். எல்லா ஊழியரையும் போலத்தான் ஊதியம் என்றால் வேலை நேரமும் எல்லா ஊழியரையும் போலத்தான் இருக்கும் என்பது இதன் தர்க்கம். போராட்ட வரலாற்றில் இதைப் போல மிடுக்கான குறும்பு அதிகம் இல்லை. நடைமுறையிலோ விளைவு கடுமையாக இருந்தது. விமான நிறுவனத்தின் வருமானமே அதிகாலையிலும் மாலையிலும் கிளம்பும் அலுவலகப் பயணிகளிடம்தான். அந்தப் பயணங்கள் முற்றாக நின்றன.

ஆஸ்திரேலியத் தொழிலுறவு ஆணையம் அப்போது புதிது. அதை அமைத்த சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி. நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆணையம் விமானிகளின் ஊதிய ஆணைகளை ரத்து செய்தது. நிறுவனங்கள் அத்துடன் நிற்காமல் விமானிகளின் மீது தனித்தனியே நஷ்ட ஈட்டு வழக்குப் போடத் தொடங்கின. நோட்டீசு சங்க அலுவலகத்துக்குப் போகவில்லை. வீட்டுக் கதவைத் தட்டியது. வீடும் சேமிப்பும் பறிபோகலாம் என்ற நிலையில், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற குற்றச்சாட்டுத் தொடராமல் இருக்க ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆகஸ்டு 24-ஆம் நாள் 1,600-க்கும் மேற்பட்ட விமானிகள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தனர். வரிசை எண்ணைக் கட்டிக் காத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் அதைக் கைவிட்டனர்.

சங்கம் இதைத் தற்காப்பு என்று எண்ணியிருந்தது. நிறுவனங்களுக்கு அது வாய்ப்பாக வாய்த்தது. ஊழியரே இல்லாத இடத்தில் சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. காலியான இடங்களுக்கு விளம்பரம் வந்தது. வர விரும்புவோர் தனித்தனியே வந்து தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இனிக் கூட்டமைப்போடு பேச்சில்லை. வெளிநாடுகளிலும் ஆள் தேடப்பட்டது.

நடந்தது வேலைநிறுத்தமா, ராஜினாமாவா, கதவடைப்பா? நாளேடுகள் தொடக்கம் முதல் ‘விமானிகள் வேலைநிறுத்தம்’ என்றே எழுதின. பிராட் நோரிங்டன் 1990-இல் வெளியிட்ட நூலும் தலைப்பிலேயே அந்தச் சொல்லைக் கொண்டுள்ளது. பங்கெடுத்த விமானிகள் இன்றும் அதை ஏற்பதில்லை. இக்கட்டுரை ‘தகராறு’ என்ற சொல்லையே ஆள்கிறது.

ஹாக் இதைத் தேசிய நெருக்கடி என்று அறிவித்தார். ஏபிள்ஸ் அவருடைய நெடுநாள் நண்பர் என்பது ஊரறிந்த செய்தி; அரசின் கடுமைக்கு அந்த நட்பு காரணமா, ஊதியக் கொள்கை காரணமா என்பது தீராத வாதம். விமானிகளை பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்ட பேச்சு ஹாக்குடையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தகராறு முடிந்த பிறகும் விமானிகள் மறக்காத பேச்சு அது.

பயணிகளை ஏற்றிச் செல்ல விமானப்படை அழைக்கப்பட்டது. படையின் போயிங் 707 விமானங்கள் வழக்கமான இருக்கைகள் கொண்டவை. ஹெர்குலிஸ் அப்படியல்ல. துருப்புகளையும் சரக்கையும் ஏற்றுவதற்கான விமானம் அது. பக்கச் சுவரை ஒட்டி நாடா பின்னிய இருக்கைகள். பார்ப்பதற்குச் சன்னல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு இயந்திரங்களின் இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டுதான் உட்கார முடியும். கோட்டும் கைப்பெட்டியுமாக வந்த அலுவலகப் பயணிகள் அதில் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே போய்வந்தனர். இவை தவிர வெளிநாட்டு விமானங்கள் சிப்பந்திகளோடு வாடகைக்கு எடுக்கப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்களும் உள்நாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்றன. அவ்வளவும் போதவில்லை. விமானத்தை நம்பியிருந்த வடக்குக் குவீன்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் போன்ற சுற்றுலா ஊர்கள் பல மாதம் வெறிச்சோடின. தொலைவும் கடலும் காரணமாக டாஸ்மேனியாவும் அதிகம் அடிபட்டது.

நவம்பரில் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி புரூக்கிங் கூட்டமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஊதிய ஆணை ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு ஊழியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பொதுச் சட்டப்படி ஒரு பணி ஒப்பந்தம் எப்போதும் உண்டு. அதை மீறத் தூண்டியதும் சட்டவிரோத வழியில் தொழிலுக்கு இடையூறு செய்ததும் சங்கத்தின் பிழை என்பது சாரம். விதிக்கப்பட்ட நஷ்ட ஈடு 60 லட்சம் டாலருக்கு மேல். ஆஸ்திரேலியாவில் வேலைநிறுத்தம் பரவலாக நடந்துவந்ததே ஒழிய, அதற்குச் சட்ட உரிமை என்று ஒன்று இல்லை என்பதை இத்தீர்ப்பு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

1990 மார்ச்சில் ஹாக் தேர்தலில் மீண்டும் வென்றார். அதற்குள் தகராறு ஓய்ந்திருந்தது. ஒரு பகுதியினர் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் திரும்பினர். பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பவேயில்லை. ஆசியா, ஐரோப்பா, வளைகுடா எங்கும் அவர்கள் சிதறினர். புதிய ஒப்பந்தங்களின் ஊதியம் பழையதைவிடக் கணிசமாக அதிகம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. கூட்டமைப்பு கேட்டதற்கு நெருக்கமாகவே வந்தது என்று சொல்வோரும் உண்டு. கைமாறாக விமானி அதிக மணிநேரம் பறக்க வேண்டும். முன்பைவிடக் குறைவான விமானிகளே போதும். கேட்ட பணம் கிடைத்தது, கேட்டவர்களில் பலருக்கு இல்லை. சங்கம் எல்லோருக்குமாக வந்து உட்காரும் மேசைதான் ஒழிக்கப்பட்டது.

முதலில் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று குறித்த பெயர்ப் பட்டியல்கள் பல ஆண்டு சுற்றின. ஒரே விமானி அறையில் அருகருகே அமர்ந்து, சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் பறந்து முடித்த கதைகள் இத்தொழிலில் ஏராளம்.

பிந்தைய வரலாறு

இரண்டு நிறுவனக் கொள்கை 1990 அக்டோபர் இறுதியில் முடிவுக்கு வந்தது. ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் 1992-இல் குவாண்டாஸுக்கு விற்கப்பட்டது. ஆன்செட் 2001 செப்டம்பரில் நொடித்தது. அங்கே தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும் அதோடு வேலை இழந்தனர்.

1993-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுவார்த்தைக் காலத்தில் நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு முதன்முறையாகப் பாதுகாப்பு அளித்தது. விமானிகள் தகராறே இதற்குத் தூண்டுதல் என்று சிலர் எழுதுகின்றனர். பல காரணங்களில் ஒன்று என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் ஒப்பந்தத்துக்கு நாடு முழுவதற்குமான சட்ட வடிவம் தந்தது. 2008-இல் தொழிற்கட்சி அரசு அதை நீக்கியது. அண்டை நாடான நியூசிலாந்து 1991-லேயே தனிநபர் ஒப்பந்தத்தை எல்லாத் தொழிலுக்கும் பொதுவழி ஆக்கியிருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே கூட்டு ஒப்பந்தத்துக்கு மறுபடி இடம் கொடுத்தது.

2011-இல் குவாண்டாஸின் நெடுந்தூர விமானிகள், குவாண்டாஸ் பெயரில் பறக்கும் விமானங்களைக் குவாண்டாஸ் ஒப்பந்தத்தின்படி ஊதியம் பெறும் விமானிகளே ஓட்ட வேண்டும் என்று கோரினர். துணை நிறுவனங்கள் வழியாக வேறு ஊதியத்தில் ஆளெடுப்பதைத் தடுப்பதே நோக்கம். 1989-ஐ நினைவில் வைத்தோ என்னவோ, அவர்களின் போராட்டம் மிக அடக்கமானது. சிவப்புக் கழுத்துப்பட்டை அணிந்தனர். பறக்கும்போது தங்கள் தரப்பைப் பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் எடுத்துச் சொன்னார்கள். ஒரு விமானமும் அதனால் தாமதமாகவில்லை. பொறியாளர்களும் சரக்குப் பணியாளர்களும் அதே சமயத்தில் தத்தம் கோரிக்கைகளுக்காகச் சிறு வேலைநிறுத்தங்கள் நடத்திவந்தனர். அக்டோபர் 29-ஆம் நாள் தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் மூன்று சங்கத்தாருக்கும் கதவடைப்பு அறிவித்து, நிறுவனத்தின் எல்லா விமானங்களையும் உலகெங்கும் தரையிறக்கினார். இரண்டு நாளில் தொழிலுறவு மன்றம் இரு தரப்பு நடவடிக்கைகளையும் நிறுத்தியது. விமானிகள் கேட்ட அந்த விதி பின்னர் வந்த தீர்ப்பில் இடம்பெறவில்லை.

2020-இல் மிக நீண்ட தூரப் பயணங்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தைக் குவாண்டாஸ் விமானிகள் வாக்களித்து ஏற்றனர். இல்லையேல் புதிய விமானிகளைத் தனியாக எடுப்போம் என்று நிறுவனம் அதற்குமுன் கூறியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் குவாண்டாஸின் துணை நிறுவனத்தில், 1989-இல் தோற்ற அதே கூட்டமைப்பைச் சேர்ந்த விமானிகள் 2023, 2024 ஆண்டுகளில் சட்டப் பாதுகாப்போடு வேலைநிறுத்தம் செய்தனர்.