ஈய அச்சு முதல் கேஜ் வரை: அரைத் தானியங்கி பிஸ்டலும் குண்டு வடிவத்தின் கைமாற்றமும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் குழலையும் விசையையும் விரிவாகப் பேசுகிறார்கள். குழலுக்குள் போகும் குண்டு எந்த அச்சில் வார்க்கப்பட்டது, அந்த அச்சு யார் கையில் இருந்தது என்ற கேள்விகள் அடிக்குறிப்போடு நின்றுவிடுகின்றன. பாஞ்சாலங்குறிச்சிக் காலத்து ஈயக்குண்டிலிருந்து மணியாச்சியில் வெடித்த பிரௌனிங் பிஸ்டல் வழியாக, எண்ணூர்–திருவொற்றியூர் தொழிற்பகுதி வரை அந்தக் கேள்வியைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரைத் தானியங்கி பிஸ்டல் வந்தபோது, குண்டின் முனை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை சுடுபவரிடமிருந்து பொறியிடம் போனது. பொறியைப் பின்தொடர்ந்து ஆலைக்கும் அரசுக்கும் போனது. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அச்சு கைவசம் இருந்த காலம்

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உருண்டை ஈயக்குண்டு போதும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறகு அடுப்பின் சூடே அதற்குத் தாராளம். பாக்குவெட்டி போல இரு கைப்பிடிகள் கொண்ட ஒரு சிறு அச்சும் ஓர் இரும்புக் கரண்டியும் இருந்தால், பாசறையிலோ வீட்டுக் கொல்லையிலோ குண்டு வார்த்துக்கொள்ளலாம். குழலின் விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறியதால், நல்ல துப்பாக்கியோடு அதற்கென்றே வெட்டிய அச்சையும் சேர்த்துக் கொடுப்பது ஐரோப்பியத் துப்பாக்கிக் கம்மியர்களின் வழக்கம்.

அந்த அச்சில் வடிவம் ஒரு பிரச்சினையே இல்லை. உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளிடம் இருந்த ‘பிரௌன் பெஸ்’ மஸ்கட்டின் குழல் ஏறத்தாழ 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம் அளவில் இருந்தது. புகைக்கரி படிந்த குழலிலும் குண்டு தடையின்றி இறங்குவதற்காகவே இவ்வளவு இடைவெளி விட்டார்கள். குறி தவறினாலும் கெட்டிப்பது தடைபடக் கூடாது என்பதே அன்றைய தேர்வு.

1801-இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்தது. தடை ஆயுதத்தின் மீதே விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈயத்தையும் கரண்டியையும் ஊர் ஊராகத் தேடிப் பறிப்பது எந்த அரசாலும் ஆகிற காரியமன்று. குண்டு கைத்தொழிலாக இருந்தவரை, கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த ஒரே பிடி துப்பாக்கிதான்.

முனை முளைத்தது

1849-இல் பிரெஞ்சு அதிகாரி கிளோட்-எத்தியென் மினியே, அடிப்பகுதி குடைந்த கூம்புக் குண்டை உருவாக்கினார். குழலுக்குள் எளிதாக இறங்கி, வெடிக்கும்போது விரிந்து வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும் குண்டு அது. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் இக்கொள்கையைப் பின்பற்றியது. அதன் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு, 1857-இல் டம்டம்மில் தொடங்கிய வதந்தி வழியாக வட இந்தியாவையே பற்றவைத்தது. சமயம் சார்ந்த அந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப மாற்றமும் ஒளிந்திருந்தது: சிப்பாய் தன் கையில் வரும் தோட்டாவில் என்ன இருக்கிறது என்று அறிய முடியாத நிலை. குண்டும் மருந்தும் கொழுப்பும் எங்கோ ஓர் ஆயுதசாலையில் கூட்டப்பட்டு, கட்டாக வந்தன.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மாற்றம் வேகம் பிடித்தது. 1882-இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயக்குண்டுக்குச் செம்பு உறை போட்டார். 1884-இல் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1889-இல் பிரிட்டனில் கார்டைட் உரிமம் பெற்றது. புது மருந்தின் வேகத்தில் வெறும் ஈயம் வழிந்து குழலில் ஒட்டியதால், உறை தவிர்க்க முடியாததாயிற்று. உறை போட அழுத்து எந்திரம் வேண்டும். அடுப்படியில் அது நடவாது. நீலகிரியின் அருவங்காட்டில் 1903–04 காலத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை, இந்தப் புதிய மருந்துக் காலத்தின் தமிழ்நாட்டு அடையாளம். இடையில் 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், ஆயுதங்களோடு தோட்டாக்களின் தயாரிப்பையும் விற்பனையையும் உரிமத்துக்குள் கொண்டுவந்திருந்தது.

பொறி கேட்கும் வடிவம்

ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவும் தன் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. முனை மழுங்கியிருந்தாலும் தட்டையாயிருந்தாலும் உருளை சுழலும். விசை இழுத்தால் வெடிக்கும். 1893-இல் ஹ்யூகோ போர்ஷார்ட்டின் அரைத் தானியங்கி பிஸ்டல் வந்தபோது இந்தச் சுதந்திரம் முடிந்தது. இங்கே தோட்டா பயணம் செய்ய வேண்டும். பின்னோக்கிப் போன ஸ்லைடு அல்லது பூட்டு முன்னே வரும்போது மேகசினின் உதடுகளுக்கிடையே இருந்து தோட்டாவைத் தள்ளுகிறது. குண்டின் முனை குழலடியில் செதுக்கிய சரிவில் மோதி, மேலே ஏறி, அறையின் மேல்விளிம்பைத் தொட்டு, பின் நேராகி உள்ளே நுழைகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடியும் இந்தப் பயணத்தில் குண்டின் முனைதான் வழிகாட்டி.

ஆகவே நான்கு அளவுகள் ஒன்றோடொன்று பிணைந்தன: முனையின் வளைவு, தோட்டாவின் மொத்த நீளம், குண்டின் விட்டம், உலோகத்தின் கடினம். முனை மிகத் தட்டையானால் சரிவில் முட்டி நிற்கும். நீளம் குறைந்தால் முனை சரிவைத் தவறான கோணத்தில் சந்திக்கும். விட்டம் கூடினால் தோட்டா அறைக்குள் முழுதாக அமராது. ஈயம் மிருதுவானால் முனை நசுங்கிச் சரிவில் இழுபடும்.

ஆரம்பகால வடிவமைப்பாளர்கள் இதைப் பல வழிகளில் தீர்த்தார்கள். போர்ஷார்ட், 1896-ஆம் ஆண்டு மாதிரி மவுசர் ஆகியவற்றின் தோட்டாக்கள் கழுத்து ஒடுங்கியவை. சிறிய முனை அகன்ற அறைவாயில் நுழைவது எளிது. ஜான் பிரௌனிங் நேர்சுவர்த் தோட்டாவில் உருண்டை முனையை நம்பினார். கியோர்க் லூகரின் 9 மி.மீ. தோட்டா 1902-இல் முனை வெட்டிய கூம்புக் குண்டோடு பிறந்தது. முதல் உலகப் போரின் போக்கில் ஜெர்மானியர்கள் அதை உருண்டை முனைக்கு மாற்றினார்கள். 1911 மார்ச்சில் அமெரிக்கப் படையின் சோதனையில் பிரௌனிங்கின் 0.45 அங்குல பிஸ்டல் 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுத் தேறியது. அதற்கு அமைந்த 230 கிரெய்ன் உறையிட்ட உருண்டை முனைக் குண்டே பின்னாளில் மற்றெல்லாக் குண்டுகளையும் ஒப்பிடும் அளவுகோலாயிற்று.

இந்தியாவுக்குள் வந்த பிஸ்டல்கள்

அதே 1911-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அவருக்குப் புதுச்சேரியில் சுடப் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர். இரண்டாண்டுக்கு முன்பு பாரிஸிலிருந்து பெற்றுச் சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரௌனிங் பிஸ்டல்கள், ஒரு பெட்டியின் போலி அடித்தட்டுக்குள் பம்பாய் வந்தன. அவற்றுள் ஒன்றால் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

புரட்சியாளர்கள் உள்நாட்டில் கிடைத்த நாட்டுத் துப்பாக்கியை விட்டு ஐரோப்பிய பிஸ்டலை நாடியதற்குச் சிறிய உருவமும் அடுத்தடுத்துச் சுடும் வசதியும் காரணம். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பாளையக்காரரின் வீரன் குண்டு தீர்ந்தால் வார்த்துக்கொள்வான்; பிரௌனிங் வைத்திருந்தவருக்குத் தோட்டாவும் அயல்நாட்டு ஆலையிலிருந்தே வர வேண்டும். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் ராடா நிறுவனச் சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றியவை இதை உறுதிப்படுத்துகின்றன: 50 மவுசர் பிஸ்டல்கள், ஏறக்குறைய 46,000 தோட்டாக்கள். ஒரு பிஸ்டலுக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேல். துப்பாக்கியைவிடத் தோட்டாவே அரிய பொருளாகிவிட்ட காலத்தின் கணக்கு இது.

அச்சின் மறுவருகை

அச்சு முற்றிலும் மறையவில்லை. சொந்தமாகத் தோட்டா நிரப்புவது பரவலாக இருந்த அமெரிக்காவில் அது இலக்குச் சுடும் போட்டியாளர்களிடம் தங்கியது. 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனமும், 1925-இல் அதை வாங்கிய லைமன் நிறுவனமும் நூற்றுக்கணக்கான அச்சு வடிவங்களை எண்ணிட்டு விற்றன. அவற்றுள் ரிவால்வருக்கு உகந்த பல வடிவங்கள் பிஸ்டலில் சிக்கின. காகித இலக்கில் வட்டமாகத் துளையிடும் தட்டை முனைக் குண்டைப் போட்டியாளர்கள் விரும்பினார்கள். பிஸ்டலின் சரிவோ உருண்டை முனையைக் கேட்டது.

இந்த இழுபறிக்கு இரண்டு தீர்வுகள் கிடைத்தன. முதலாவது, குண்டை மாற்றுவது. ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் நிறுவனத்தின் 68-ஆம் எண் அச்சு வார்க்கும் 200 கிரெய்ன் குண்டுக்குக் கூரிய தோளும், நீண்ட கூம்பு மூக்கும் உண்டு. மூக்கு, இராணுவ உருண்டைக் குண்டின் முனை தொடும் இடத்தையே ஏறக்குறையத் தொடுகிறது. சரிவுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தோள் இலக்கைச் சுத்தமாக வெட்டுகிறது. 0.45 பிஸ்டலுக்கு நம்பகமான அச்சு என்று இன்றளவும் முதலில் சொல்லப்படுவது இவ்வடிவமே. இரண்டாவது தீர்வு துப்பாக்கியை மாற்றுவது. 1961-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 52-ஆம் மாதிரி, முனை வெளியே நீட்டாத தட்டைக் குண்டுத் தோட்டாவை மட்டுமே ஏற்கும்படி கட்டப்பட்டது. மேகசினில் ஐந்துதான் கொள்ளும். குண்டுக்காகப் பொறியே வளைந்துகொடுத்த அபூர்வ நிகழ்வு அது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். உரிமமின்றி வார்ப்பதும் நிரப்புவதும் குற்றம். எனவே அச்சைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இங்கே வீட்டு மேசைக்கு வரவில்லை. படைக்கலத் தொழிற்சாலையின் வரைபட மேசையிலேயே முடிந்தது. குடிமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட 0.32 அங்குலத் தோட்டா ஒரு நுட்பமான உதாரணம். அதன் அடிவிளிம்பு சற்றே துருத்தியிருக்கும். குட்டையான குண்டு பொருத்தினால் மேகசினுக்குள் தோட்டாக்கள் முன்பின் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பிரௌனிங் வரைந்த நீண்ட உருண்டை முனை, சரிவில் ஏறுவதோடு இந்தப் பூட்டையும் தடுக்கிறது.

எண்ணூர்க் கரையில் எஞ்சியது

வட சென்னையின் வார்ப்படத் தொழில் இவ்வரலாற்றோடு சேர்வது வேறொரு வாசலில். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ஊசி செய்துவந்த ஆலையிலிருந்து வளர்ந்த நிறுவனம் ஒன்று, 1890-களில் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்துகொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் நினைவாகவே ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயரையும் துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்ற விளம்பர வாக்கியத்தையும் சூடிக்கொண்டது. அதன் மோட்டார் சைக்கிள் 1955 முதல் திருவொற்றியூரில் பூட்டப்பட்டு, 1962-க்குள் முழுக்க இங்கேயே செய்யப்பட்டது. அசோக் லேலண்டும் அதற்கு வார்ப்படங்கள் தந்த எண்ணூர் பவுண்டரியும் அதே கரையில் வளர்ந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நெறி, அளவைச் சரிபார்க்கும் கருவியான கேஜ்தான். எந்த அச்சில் வார்த்தாலும், எந்த மிஷினில் கடைந்தாலும், ‘போகும்–போகாது’ கேஜில் தேறினால்தான் பாகம் பாகமாகும். ராணுவத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் 19-ஆம் நூற்றாண்டில் பழக்கிய இந்த ஒழுங்கே, சிலிண்டரையும் கியரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத் தக்கவையாக்கியது. ஒரே மாதிரியான எந்தத் துப்பாக்கியிலும் அதற்குரிய எந்தத் தோட்டாவும் தடையின்றி ஏறச் செய்ததும் அதுவே.

முடிவாக, குண்டு வடிவத்தின் வரலாற்றை அழிக்கும் திறன் வளர்ந்த கதையாக மட்டும் படிப்பது குறைபட்ட வாசிப்பு. உருண்டைக் குண்டின் காலத்தில், துப்பாக்கிக்கு ஏற்ற குண்டை வைத்திருப்பவனே வார்த்துக்கொண்டான். தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும் பொறி வந்தபின், வைத்திருப்பவர் ஆலையின் அளவுக்கு அடங்கினார். 1801-இல் ஆயுதத்தைப் பறித்துச் செய்ய வேண்டியிருந்த கட்டுப்பாட்டை, அடுத்த நூற்றாண்டில் தோட்டா வரும் வழியைப் பிடித்தே பெருமளவு செய்ய முடிந்தது. சட்டத்துக்கு அந்த வசதியைச் செய்துகொடுத்தது, குழலடியில் செதுக்கிய ஒரு சிறு சரிவு.