அக்கானிக் கலயம் முதல் சிடர் குடுவை வரை: கலங்களைக் கிருமிநீக்கம் செய்வது ஏன், எப்படி?

காரக்கோணம்: கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்திலும் பனையிலிருந்து இறக்கப்படும் இனிப்பான சாறு ‘அக்கானி’ எனப்படுகிறது. தமிழகத்தின் பிற பகுதிகளில் இதன் பெயர் பதநீர். ஒரே பாளையிலிருந்து வடியும் சாறு அக்கானியாக நீடிப்பதும் கள்ளாக மாறுவதும் அதை ஏந்தும் கலயத்தின் நிலையைப் பொறுத்தவை. ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்து ‘சிடர்’ தயாரிக்கும் மேலை நாடுகளிலும், புதிதாகத் தொடங்குவோருக்குக் கலத்தின் தூய்மையே முதற்பாடமாக உள்ளது.

நொதித்தல் எவ்வாறு நிகழ்கிறது?

காற்றிலும் பூச்சிகளின் உடலிலும் பழத்தோலிலும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் இயல்பாகவே உள்ளது. அது சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அடுத்து அசிட்டிக் அமில பாக்டீரியா, காற்றின் துணையுடன் ஆல்கஹாலைப் புளிக்காடியாக்குகிறது. வெப்பம் மிகுந்த நம் பகுதியில், பக்குவம் செய்யாத பனஞ்சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும்.

சிடர் தயாரிப்பவர் தாம் தேர்ந்தெடுத்த ஈஸ்ட் மட்டுமே சாற்றில் வளர வேண்டும் என விரும்புகிறார். அக்கானி இறக்குபவரோ எந்த ஈஸ்டும் வளரக் கூடாது என விரும்புகிறார். நோக்கம் வேறானாலும் இருவருக்கும் தூய கலம் தேவை.

சுண்ணாம்பின் பணி

மண்கலயத்தின் நுண்துளைகளில் முந்தைய நாளின் ஈஸ்ட் தங்கிவிடும். கழுவிய கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவது அதனால்தான். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கிறது. பாளை சீவும் அரிவாளும் தூய்மையாக இருத்தல் அவசியம். சாற்றை வெயில் ஏறும் முன் இறக்கி உடனே காய்ச்சினால் நல்ல கருப்பட்டி கிடைக்கும்.

தென்னை நீராவுக்குச் சுண்ணாம்பின்றி மற்றொரு வழி உள்ளது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பனிக்கட்டி நிரப்பிய குளிர்பெட்டியைப் பாளையுடன் இணைத்துச் சாற்றைச் சேகரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. இவ்வாறு பெறப்படும் சாற்றுக்கு ‘கல்பரசா’ எனப் பெயர்.

கழுவுதல் வேறு, கிருமிநீக்கம் வேறு

தொடக்கநிலையினர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றனர். கழுவுதல் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்குகிறது. கிருமிநீக்கம் எஞ்சிய நுண்ணுயிர்களை அழிக்கிறது. அழுக்குப் படிந்த கலத்தில் கிருமிநாசினி ஊற்றினால், அதன் ஆற்றல் அழுக்கிலேயே வீணாகிவிடும். எனவே முதலில் கழுவி, பின்னரே கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

* கொதிநீர்: உலோகப் பாத்திரங்களுக்கு ஏற்றது. குளிர்ந்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். பிளாஸ்டிக் கலம் உருக்குலையும்.

* பிளீச்சிங் திரவம்: சுமார் 5 விழுக்காடு செறிவுள்ள, மணமூட்டப்படாத திரவத்தில் 15 மில்லியை 4 லிட்டர் நீரில் கலந்து, கலத்தை 10 நிமிடம் ஊறவைக்கலாம். பின்னர் கொதிக்கவைத்து ஆறிய நீரில் நன்கு அலச வேண்டும். எச்சம் இருந்தால் பானத்தில் மருந்து வாடை வீசும். எவர்சில்வர் பாத்திரங்களை இது அரிக்கும். இதை வினிகருடனோ அம்மோனியா கலந்த பொருளுடனோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வெளிப்படும்.

* பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்: பழ ஸ்குவாஷ் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் இப்பொருள், கந்தக டை ஆக்சைடை வெளியிட்டுக் கிருமிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆஸ்துமா உள்ளோர் இதன் ஆவியைத் தவிர்க்க வேண்டும்.

கீறல் விழுந்த பிளாஸ்டிக் கலங்களைக் கைவிடுவதே நல்லது. கீறலுக்குள் ஒளிந்த கிருமியைக் கிருமிநாசினி எட்டுவதில்லை.

தூய கலமும் போதாத நிலை

கலயம் தூய்மையாக இருந்தாலும் மரத்தின் மேல் திறந்தே இருப்பதால் வௌவால்கள் சாற்றை நாடி வரும். வங்கதேசத்தில் பழந்தின்னி வௌவால்களால் மாசடைந்த பச்சைப் பேரீச்சஞ்சாறு நிபா தொற்றுக்கு ஒரு முக்கிய வழி என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அங்கு பாளையையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடும் முறை பரிந்துரைக்கப்பட்டது. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு கோழிக்கோடு பகுதியில் நிபா பரவியபோதும் வௌவால்களே வைரஸின் இருப்பிடமாகக் கருதப்பட்டன. கலயத்தை மூடிவைப்பதும் சாற்றைக் கொதிக்கவைப்பதும் பாதுகாப்பானவை.

சட்டம் கூறுவது என்ன?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட 4 வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. அதனால் அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. நொதிக்காத பதநீரை இறக்க அனுமதி உண்டு. கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கள் விற்கப்படுகிறது. சுண்ணாம்பு பூசாத கலயம் எல்லையின் ஒருபுறம் உரிமத்துக்கு உட்பட்ட தொழில், மறுபுறம் குற்றம்.

சிடர், ஒயின் போன்றவற்றை வீட்டுத் தேவைக்காகத் தயாரிப்பதும் உரிமமின்றிச் செய்தால் கேரள அப்காரி சட்டப்படி குற்றமாகும். பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் வழங்க 2022-ஆம் ஆண்டு அம்மாநிலம் விதிகளை வகுத்தது. அக்கானி, நீரா, பழச்சாறு ஆகியவற்றைக் கையாள்வோருக்கு மேற்கண்ட தூய்மை முறைகள் அன்றாடத் தேவையாகும்.