ஒத்தைக்கால் எழுத்து

இனயம் கடற்கரையில் வள்ளங்களுக்கு நம்பர் எழுதுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் ‘பெயிண்டர் மாமா’ என்போம். வள்ளத்தின் அணியத்துப் பக்கம் வெள்ளை அடித்து, காய்ந்ததும் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, நடுவில் பதிவு எண்ணை எழுதுவார். ஐ-என்-டி என்றால் இந்தியா, டி-என் என்றால் தமிழ்நாடு, 15 என்றால் கன்னியாகுமரி மாவட்டம், எம்-ஓ என்றால் மோட்டார் வைத்த வள்ளம். அதற்கப்புறம்தான் வள்ளத்தின் சொந்த எண்.

ஆங்கில ‘ஐ’ ஒரு நேர்கோடு, அவ்வளவுதானே? மாமா அதோடு விடமாட்டார். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை போடுவார். இரண்டும் நடுக்கோட்டின் அளவுக்கே தடிமனாக இருக்கும். ஒன்று என்ற எண்ணுக்கும் அடியில் ஒரு பலகை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது “எதுக்கு மாமா இது?” என்று கேட்டேன். “ஒத்தக் காலுல நிக்கிய எழுத்த கடலு தின்னுரும் மக்கா” என்றார்.

அந்தப் பலகைக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியவர ரொம்ப வருஷம் ஆனது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, நிரல் எழுதும் திரைக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் தெரிந்துகொண்டேன். ஸ்லாப் செரிஃப். ஆங்கில எழுத்தின் முனையில் வரும் சிறு விளிம்புதான் செரிஃப். புத்தகங்களில் பார்க்கும் வழக்கமான எழுத்தில் அது மெலிந்து, வளைந்து, கூராக முடியும். ஸ்லாப் என்றால் பலகை. மெலிவும் கூரும் இல்லாமல், தண்டின் தடிமனுக்குக் கிட்டத்தட்ட சமமாக, சதுரமாக வெட்டி வைத்தது. பலகைக்கால் எழுத்து என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இது பிறந்தது லண்டன் சுவர்களில். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே லாட்டரிச் சீட்டு, நாடகம், மருந்து என்று எல்லாமே சுவரொட்டியில் விற்கத் தொடங்கின. அதுவரை அச்செழுத்து என்பது கையில் பிடித்து, ஒரு முழத் தொலைவில் வைத்துப் படிப்பதற்கானது. தெருவின் எதிர்ப்பக்கம் நடந்துபோகிறவனைக் கூப்பிட அது போதவில்லை. முதலில் புத்தக எழுத்தையே ஊதிப் பருக்கவைத்துப் பார்த்தார்கள். தடித்த கோடு இன்னும் தடித்தது, மெல்லிய கோடு மெல்லியதாகவே நின்றது. பத்தடி தள்ளிப் பார்த்தால் மெல்லிய கோடு காணாமல் போய்விடும். அப்படியானால் மெல்லிய கோட்டையும் தடிமனாக்கு, முனையையும் தடிமனாக்கு என்று யோசித்தவர்கள் செய்ததுதான் பலகைக்கால். வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் 1815 என்று ஆண்டு போட்டு வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் அது ‘ஆண்டிக்’ என்ற பெயரில் வந்தது. பெரிய எழுத்துகள் மட்டும்தான். கத்துகிறவனுக்குச் சின்ன எழுத்து எதற்கு?

பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர் ‘எகிப்தியன்’. நெப்போலியன் 1798-ல் எகிப்துக்குப் படையெடுத்ததிலிருந்து, ரொசெட்டா கல் 1802-ல் லண்டனுக்கு வந்ததிலிருந்து, அங்கே நாற்காலி முதல் நகை வரை எல்லாவற்றுக்கும் எகிப்து மோகம். எழுத்துக்கும் எகிப்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைவிட வேடிக்கை, 1816-ல் நான்காம் வில்லியம் கேஸ்லான் செரிஃபே இல்லாத ஓர் எழுத்தைப் போட்டு அதற்கும் எகிப்தியன் என்றுதான் பெயர் வைத்திருந்தார். காலே இல்லாததற்கும் கட்டைக்காலுக்கும் ஒரே பெயர்! நூறு வருஷம் கழித்தும் இந்தப் பித்து போகவில்லை. 1929-ல் ஜெர்மனியில் வந்த பலகைக்கால் எழுத்துக்கு எகிப்தின் பழைய தலைநகரான மெம்ஃபிஸின் பெயர்.

1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து செதுக்கும் இயந்திர முறையைக் கொண்டுவந்ததும் இந்த எழுத்துக்கு யோகம் அடித்தது. மரத்தில் மெல்லிய முனை வைத்தால் அச்சு அழுத்தத்தில் முறியும், பலகை முறியாது. கௌபாய் படங்களில் ‘தேடப்படுபவர்’ நோட்டீஸ் ஞாபகம் வருகிறதா? அந்த முகம் இதன் வம்சம்தான்.

1845-ல் ராபர்ட் பெஸ்லி இந்தச் சத்தக்காரனைக் கொஞ்சம் அடக்கினார். அவருடைய கிளாரெண்டன் எழுத்தில் பலகையும் தண்டும் சேரும் இடம் மெதுவாக வளைந்து இணையும். அகராதியில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்டுகிற வேலைக்கு, பக்கத்தில் இருக்கும் சாதாரண எழுத்தோடு சண்டை போடாமல் உட்காரும். வடிவத்துக்கு 3 வருடச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார். அது முடிந்ததும் எல்லா வார்ப்பகங்களும் நகல் எடுத்தன.

அடுத்த மாற்றம்தான் எனக்குப் பிடித்தமானது. தட்டச்சு இயந்திரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுதான் நகரும். அகலமான ‘எம்’முக்கும் ஒல்லியான ‘ஐ’க்கும் ஒரே இடம். ‘ஐ’யை அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும், சொல் பல் போன வாய் மாதிரி இருக்கும். அதற்கு இரு பக்கமும் பலகை வைத்து நீட்டினால் ஓட்டை நிரம்பிவிடும். கூடவே ரிப்பன் மை மங்கும், கார்பன் தாளில் மூன்றாவது பிரதி எடுக்கவேண்டும். மெல்லிய கோடு அங்கே பிழைக்காது. இப்படி, தெருவில் கத்தப் பிறந்த எழுத்து ஆபீசுக்குள் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தது. 1950-களின் நடுவில் ஐபிஎம்முக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர்தான் இதில் உலகப் புகழ்பெற்றது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2004 வரை தன் கடிதங்களை கூரியரில்தான் அனுப்பியது.

அதே காலத்தில் இங்கேயும் ஒன்று நடந்தது. 1955-ல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கியது. 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கப்புறம் எங்கள் கடற்கரைக்கு வந்த அரசாங்கத்தின் முகம் இந்த எழுத்துதான். என் பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் “டைப் அடிச்ச கடுதாசி” வந்தால் கை நடுங்கும். எழுத்தின் உருவமே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்புறம்.

நானும் கருங்கலில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணிக்குப் போய் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப் அடித்தவன்தான். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. கம்ப்யூட்டர் படிக்கப்போகிற பையனுக்கு எதற்கு என்று நான் முரண்டு பிடிக்க, “சர்க்கார் வேலைக்கு உதவும்” என்று அம்மா அனுப்பினாள். சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை கிடைத்தது. அதே சாலையில் பெருங்குடியில்தான் ஒரு காலத்தில் ஃபாசிட் தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை இருந்தது என்று பிறகு தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

2016 ஜூலை 5 அன்று மத்திய அமைச்சரவை இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடலும் வீடும் போய்விடும் என்று ஊர் கொந்தளித்தது. அப்போது ஊருக்குப் போனால் இரண்டு வகை எழுத்து கண்ணில் படும். சுவர்களில் ஆளுயரத்துக்குப் பட்டையடித்த ‘வேண்டாம்’. கையில் மனுக்கள். மனுவைக் கம்ப்யூட்டரில் அழகான எழுத்தில் அடித்துத் தருகிறேன் என்றேன். ஒரு சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “டைப் அடிச்ச மாதிரி இருக்கணும், அப்பத்தான் ஆபீசுல மதிப்பான்” என்றார். கூரியரில் அடித்துக் கொடுத்தேன். இரு நூற்றாண்டு வரலாற்றின் இரண்டு வேலைகளையும், கத்துவதையும் கணக்குச் சொல்வதையும், எங்கள் ஊர் ஒரே மாதத்தில் செய்தது. திட்டம் பின்னர் இனயத்தை விட்டு கோவளம் - கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது. அங்கேயும் போராட்டம் தொடர்ந்தது.

மறு வருஷம், 2017 நவம்பர் 30. ஒக்கி.

கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கரையிலிருந்து வாட்ஸப்பில் பெயர்களும் வள்ளம், போட் எண்களும் வந்து குவிந்தன. நாங்கள் ஐந்தாறு பேர் சென்னையில் உட்கார்ந்து ஒரு விரிதாளில் ஏற்றினோம். கேரளத்தில் கரையேறியவர்கள், லட்சத்தீவில் ஒதுங்கியவர்கள் என்று வரும் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். இரண்டாம் நாள் இரவு ஒரு போட் எண் இரண்டு பட்டியலிலும் இருந்தது, ஆனால் கணினி இல்லை என்றது. ஒரு மணிநேரம் முட்டிக்கொண்டோம். விரிதாளின் எழுத்துரு செரிஃப் இல்லாத நவீன ரகம். அதில் ‘ஐ’யும், சிறிய ‘எல்’லும், அவசரத்தில் பார்த்தால் ஒன்றும், எல்லாம் ஒரே குச்சி. யாரோ 15-ல் ஒன்றுக்குப் பதில் ‘எல்’ அடித்திருக்கிறார்கள். மொத்தத் தாளையும் கூரியருக்கு மாற்றினேன். குச்சிகளுக்கெல்லாம் கால் முளைத்தது. பதினேழு தவறுகள் அப்படியே எழுந்து நின்றன.

அந்த போட்டில் இருந்தவர்கள் லட்சத்தீவுப் பட்டியலில் இருந்தார்கள். கரைக்கு போன் போட்டுச் சொன்னது நான்தான். மற்ற பதினாறில் எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல வாய்க்கவில்லை.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு பிரச்சினை. இனயம் என்று அடித்தால் போன் தானாகவே இணையம் என்று திருத்திவிடும், அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். இது வேறு. ‘சேவியர்’ என்று தேடினால் கண்முன்னே இருக்கிற ‘சேவியா்’ கிடைக்காது. இரண்டையும் உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ‘ர்’ அல்ல, துணைக்காலின் மேல் புள்ளி.

தமிழ் எழுத்துக்குச் செரிஃப் கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த வளைவுகள் நம்முடையவை. இனயத்திலிருந்து கடற்கரையோரமாக 100 கிலோமீட்டர் போனால் வரும் கொல்லத்தில், 1578-ல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலிலும், பிறகு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகளிலும், ரோமன் எழுத்தின் காலை யாரும் தமிழுக்கு மாட்டவில்லை. ஆனால் தமிழிலும் ஒரு கால் இருக்கிறது. பெயரே கால்தான், ‘ா’. ஓலைச்சுவடியில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும், வாசிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சில் ரகரத்தின் அடியில் ஒரு சாய்கோட்டை இழுத்துப் பிரித்தார்கள். பெயிண்டர் மாமா ஒன்றுக்குப் போட்ட பலகை செய்த அதே வேலை! ஆனால் புள்ளி வைத்த ‘ர்’க்கு மட்டும் பல எழுத்துருக்களில் அந்தச் சாய்கோடு கிடையாது. புள்ளி இருக்கிறதே, யார் குழம்பப்போகிறார்கள் என்ற சிக்கனம். கண் குழம்பவில்லை. கணினி குழம்பிவிட்டது. வடிவம் ஒன்றுதானே என்று காலின் மேல் புள்ளியை வைத்து அடித்த லட்சக்கணக்கான ‘ர்’கள் இன்று இணையமெங்கும் கிடக்கின்றன.

தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் வந்த கதையிலும் இந்த இடநெருக்கடி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலைபார்த்த ஆர். முத்தையா, நூற்றுக்கணக்கான எழுத்துகளைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்க, அடித்தாலும் வண்டி நகராத விசைகளை வைத்தார். புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே மெய்யை அடிக்கவேண்டும். 1978-ல் தமிழக அரசு யானைத் துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களை விலக்கியதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் அச்சும் தட்டச்சும் எளிதாகும் என்பதும் ஒன்று. ஆனால் ஒரே அகலத்துக்குள் ‘ண’வையும் ‘ர’வையும் அடைப்பது இன்றுவரை சரியாக வரவில்லை. நிரல் திரையில் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆங்கில ஸ்லாப் எழுத்துக்கு ஜோடியாகத் தமிழ் கேட்டால் சிலர் ‘க’வுக்கும் ‘ட’வுக்கும் அடியில் பலகை ஒட்டிக் கொடுக்கிறார்கள். கொக்குக்கு பூட்ஸ் மாட்டின மாதிரி இருக்கிறது. ஸ்லாபிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பலகையை அல்ல என்று நினைக்கிறேன். கோடு எங்கும் ஒரே தடிமன், முனை கூராக்காமல் வெட்டு, உள்வெளி அடையாமல் திறந்த சுழி, ஒன்றோடொன்று குழம்பும் எழுத்துகளுக்கு இடையே வேண்டுமென்றே காட்டும் வித்தியாசம். இவை தமிழுக்கும் பொருந்தும். ‘ர்’க்கு அந்தச் சாய்கோட்டைத் திருப்பிக் கொடுங்கள், அது போதும்.

எங்கே வேண்டாம்? கவிதைத் தொகுப்புக்கு வேண்டாம். கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டாம், கோர்ட் சம்மன் மாதிரி இருக்கும். நீண்ட வாசிப்புக்கு ஆகாது என்று மட்டும் சொல்லமாட்டேன். 1990-ல் வந்த சிசிலியா என்ற மென்மையான பலகைக்கால் எழுத்தில்தான் கிண்டில் வாசகர்கள் பல வருஷம் நாவல்களைப் படித்தார்கள். மெல்லிய கோடு இல்லாததால் அந்தச் சாம்பல் திரையிலும் அது தேயாமல் நின்றது.

பெயிண்டர் மாமா இப்போது இல்லை. போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது புது வள்ளங்களில் கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கர் எண்கள். பளபளவென்று, செரிஃப் இல்லாமல், ‘ஐ’ வெறும் குச்சியாக. ஒரு வள்ளத்தில் அந்தக் குச்சியின் அடி உப்பில் பெயர்ந்து சுருண்டிருந்தது. வள்ளக்காரத் தம்பியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, வலை தைக்க உட்கார்ந்திருந்த அவன் அப்பாவிடம், “மாமாக்க பிரஷ்ஷு யாருட்ட இருக்கு?” என்று கேட்டான்.