மணிலாவின் மௌனமும் மெட்டுகுடா தாத்தாவும்

ஆபீஸில் மணிலா டீமோடு சேர்ந்துதான் தினமும் ஆணி பிடுங்குகிறேன். பெரிய வியாழன், வெள்ளி வந்தால் அந்தப் பக்கம் ஈ, காக்கா இருக்காது. "பல ரேடியோ ஸ்டேஷன்களே அந்த நாட்களில் ஒலிபரப்பை நிறுத்திவிடும். சின்ன வயதில் சத்தம் போட்டு விளையாடினால் பாட்டியிடம் அடி விழும்" என்றார் அங்கிருக்கும் நண்பர். நம்மூர் மாதா கோவிலிலும் அப்போது மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுவார்களே, அதே சங்கதிதான். ரமணரும் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர். இதெல்லாம் விரும்பி எடுத்துக்கொண்ட மௌனம்.

அதே மணிலாவில் வாயைப் பொத்தி வந்த மௌனமும் உண்டு. 1972 செப்டம்பரில் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பத்திரிகை, டிவி, ரேடியோ பெரும்பாலும் இழுத்து மூடப்பட்டன. நள்ளிரவு முதல் விடிகாலை 4 மணி வரை ஊரடங்கு. இந்த லட்சணத்தில் ராக் இசை செத்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு! அதுவரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த இளவட்டங்கள் டகாலாக்குக்கு மாறினார்கள். 1973-ல் ஹுவான் டி லா குரூஸ் பேண்டின் 'ஹிமிக் நாட்டின்' வந்தது. 'நம் இசை' என்று அர்த்தம். பினாய் ராக் இங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். 1975-ல் மணிக்கு ஒரு உள்ளூர்ப் பாட்டாவது ரேடியோவில் போட வேண்டும் என்று உத்தரவே வந்தது. பாடலாம், ஆனால் எதைப் பாடலாம் என்பது மேலிடத்து முடிவு.

'பயான் கோ' (என் நாடு) பாடக்கூடாத பாட்டு. அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் சுதந்திர ஏக்கத்தில் பிறந்தது. 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கிதாரும் கையுமாக அதைப் போராட்டக் கூட்டங்களில் பாடினார் பிரெடி அகிலார். ('ஆனாக்' பாடியவர், 2025 மேயில் காலமானார்.) 1986 பிப்ரவரியில் மக்கள் தெருவில் இறங்க, மார்க்கோஸ் நாட்டை விட்டே ஓடினார்.

நாம் மட்டும் என்ன? 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெற்றாக விட்டு அச்சடித்தது. அரசு பிரசாரத்துக்குப் பாட மறுத்த கிஷோர் குமாரின் குரல் 1976 மே முதல் ஆல் இந்தியா ரேடியோவில் கேட்கவில்லை.

எதிர்வீட்டுத் தாத்தா ஜோலார்பேட்டைக்காரர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். (மெட்டுகுடாவில் தடுக்கி விழுந்தால் ரயில்வே குடும்பம்தான்.) நிஜாம் காலத்து வண்டியிலிருந்து மெட்ரோ வரை மணிக்கணக்கில் பேசுவார். 1974 மே ரயில்வே ஸ்டிரைக் என்றால் மட்டும் பேச்சு நின்றுவிடும். 20 நாள், நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கைது, வேலைநீக்கம். இவர் ஸ்டிரைக்கில் இருந்தாரா, வேலைக்குப் போனாரா? அவர் பிள்ளைகளுக்கே தெரியாது.

போன ஞாயிறு மொபைலில் 'பயான் கோ'வைப் போட்டுக் கதையையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"தடை போட்ட பாட்டை எல்லாருமா பாடினாங்க?"

"ஆரம்பத்துல கொஞ்ச பேர்தான் தாத்தா."

"மத்தவங்க?"

"பயந்துக்கிட்டு சும்மா இருந்திருப்பாங்க."

தலையை ஆட்டிவிட்டு, மாத்திரை சாப்பிடணும் என்று எழுந்து போய்விட்டார். நான் அந்தக் கடைசி பதிலை அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். இந்த ஞாயிறு தங்கமணி போடும் காபியோடு போய் உட்கார வேண்டும்.