ஊசி போடுறது மட்டும்தானா நர்சிங்? 4 வருஷத்துல என்னதான் சொல்லித் தர்றாங்க?

புதுச்சேரியில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பயாலஜி எடுத்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "டாக்டர் சீட் கிடைக்கலைன்னா நர்சிங் போடலாமா?" என்பதுதான். கோரிமேட்டில் மட்டுமே ஜிப்மர் நர்சிங் கல்லூரி, அன்னை தெரசா பட்டமேற்படிப்பு சுகாதார அறிவியல் நிறுவனம் என இரண்டு அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் வேறு. ஆனால் உள்ளே போய் என்ன படிக்கப் போகிறோம் என்பது சேரும் பலருக்கே தெரிவதில்லை.

முதல் வருஷம்: பெட்டும் பல்ஸும்

பி.எஸ்சி நர்சிங் 4 ஆண்டு படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பாடத்திட்டப்படி மொத்தம் 8 செமஸ்டர். முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம் இவற்றோடு நர்சிங் அடிப்படைகளும் தொடங்கிவிடும். அடுத்த செமஸ்டரில் உயிர்வேதியியலும் ஊட்டச்சத்தும் வரும்.

'அடிப்படைகள்' என்றதும் ஈஸியான பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். நோயாளி படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாற்றுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் இருக்கப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது எல்லாம் இதில்தான் வரும். முதலில் லேபில் பொம்மை மேல் பழகி, பிறகுதான் வார்டு.

மூச்சை எண்ணுவதற்கே ஒரு முறை இருக்கிறது. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சு விடும் விதம் மாறிவிடும். அதனால் பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல், நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை நார்மல். பிரஷர் குறைவதற்கு முன்பே மூச்சின் எண்ணிக்கை ஏறிவிடுவது உண்டு. நோயாளியின் நிலை மோசமாகிறது என்பதை டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நர்ஸ்தான்.

கணக்கு வேண்டாம்னு வந்தவங்களுக்கு...

ஒரு சின்ன அதிர்ச்சி, இங்கேயும் கணக்கு உண்டு.

500 மில்லி டிரிப்ஸை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். கையில் இருப்பது ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. வாட்ச்சைப் பார்த்து அந்த வேகத்துக்கு செட் பண்ண வேண்டும். இதய நோயாளிக்கு வேகமாக ஓடிவிட்டால் நுரையீரலில் நீர் கோர்க்கும்.

இன்சுலின் இன்னும் டேஞ்சர். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்துவிட்டால், 10 யூனிட் போட வேண்டிய இடத்தில் 25 யூனிட் உள்ளே போய்விடும். (வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும் இதை ஒருமுறை செக் பண்ணிக்கொள்வது நல்லது.)

அதனால்தான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் சரிபார்க்கச் சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் 'ம்' கொட்டிவிடுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் மருந்தியலோடு நுண்ணுயிரியல், நோய்த்தொற்றுத் தடுப்பு பாடங்களும் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் டியூப் சிவப்பில், ஊசி வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில் என்று குப்பை பிரிப்பதும் பாடம்தான். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. குத்திக்கொண்டால் ஹெச்.ஐ.வி, மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றும் ஆபத்து நர்ஸுக்குத்தான்.

அப்புறம் பிரசவம், மனநலம், ஊர்ப்புறம்

மூன்றாம் ஆண்டில் குழந்தை நலம், மனநலம், சமூக நலம், மகப்பேறு வருகின்றன. தடயவியல் நர்சிங், இந்தியச் சட்டங்கள் என்றும் ஒரு பாடம் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருபவரிடம் எப்படிப் பேசுவது, சாட்சியமாகும் துணியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் வார்டில் திடீரென்று கற்றுக்கொள்ள முடியாதவை. சமூக நலப் பாடத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வீடுகளுக்கும் போக வேண்டும்.

ஏழாவது செமஸ்டரில் ஆராய்ச்சி, புள்ளியியல். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப், வாரத்துக்கு 48 மணி நேரம். வகுப்பு வருகை 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். வார்டு பயிற்சி அப்படியில்லை. விட்ட நாட்களை ஈடுகட்டி 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம்.

'ரெஜிஸ்டர்ட்' என்ற வார்த்தைதான் முக்கியம்

டிகிரி வாங்கியதும் வேலை பார்த்துவிட முடியாது. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பி.எஸ்சி, 3 ஆண்டு ஜி.என்.எம் டிப்ளமோ இரண்டில் எதை முடித்தாலும் 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற பேறுகால உதவியாளர்' என்று பதிவு கிடைக்கும். 2 ஆண்டு ஏ.என்.எம் படிப்புக்குத் தனிப் பதிவு.

ஏமாறுவது இந்த இடத்தில்தான். "6 மாதத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று சுவரொட்டி ஒட்டும் கோர்ஸ்களை முடித்தால் சர்டிபிகேட் வரும், பதிவு வராது. அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் கேட்பது பதிவு எண்ணைத்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கட்டிய பிறகு இது தெரிய வரும் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது?

பி.எஸ்சி சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் தேவை. புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவது சென்டாக். ஜிப்மருக்குத் தனி அறிவிப்பு வரும். சேர்க்கை விதிகள் மாறுவதால் அந்தந்த ஆண்டு கையேட்டைப் பாருங்கள்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டுக்கான கவுன்சில் அங்கீகாரக் கடிதம் எங்கே? பிள்ளைகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுப்பார்கள், அங்கே எத்தனை பெட் இருக்கிறது? முடிந்தால் அந்த மருத்துவமனைக்கே ஒருநாள் போய், பெட்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.