ஏர்வாடி: எல்லோரும் பார்த்த சங்கிலி

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகினர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து, பலி 28.

ஏர்வாடி தர்காவுக்குப் போனால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கை மத வேறுபாடின்றி நெடுங்காலமாக உண்டு. அப்படி வந்தவர்களை நம்பித் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. உறவினர்கள் பணம் கட்டி, நோயாளியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பகலில் மரத்தோடு கயிறு, இரவில் கட்டிலோடு சங்கிலி. பேய் விரட்டுவதாகச் சொல்லி அடியும் விழுந்தது.

இதில் எதுவும் இரகசியமல்ல என்பதுதான் வேதனை. வந்து போன அனைவரும் சங்கிலியைப் பார்த்தார்கள். ஆனால் அது யாருக்கும் கொடுமையாகத் தெரியவில்லை. “அவிழ்த்துவிட்டால் ஓடிவிடுவார்” என்ற ஒரே பதிலில் எல்லாக் கேள்விகளும் அடங்கிப்போயின.

சட்டம் இல்லாமலா? 1987-ல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமமின்றி மனநலக் காப்பகம் நடத்தக்கூடாது, நோயாளியைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. ஆனால் ஏர்வாடியில் உரிமம் எங்கே என்று கேட்க ஆளில்லை.

தீ விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில், சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகவே தடை செய்தது. அப்படியும் 2019 ஜனவரியில், உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில் நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இது வாழ்வுரிமைக்கே எதிரானது என்று நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

காலில் தழும்பு, காரணம் சொல்லப்படாத காயம், உடல் மெலிவு, ஆள் வந்தாலே நடுக்கம், அவரைப் பேசவிடாமல் வேறொருவர் பதில் சொல்வது: இவை கொடுமையின் அடையாளங்கள். கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முதியவரானாலும் மனநோயாளியானாலும், “அவர் நன்மைக்குத்தான்” என்ற சமாதானத்தைக் கேட்டதும் நகர்ந்துவிடாமல் இன்னொரு கேள்வி கேட்டால் போதும். ஏர்வாடியில் கேட்கப்படாமல் போனது அந்த இன்னொரு கேள்விதான்.